பதினோரு தகவலாளிகள்

"ஏத்தா, என் பேரு எந்தப் பக்கத்துல இருக்கு?"

லூர்து அக்கா என் காதருகே குனிந்து இப்படிக் கேட்டபோது மேடையில் குத்துவிளக்கு ஏற்றிக்கொண்டிருந்தார்கள். அல்லிநகரத்தில் ஒரு கல்யாண மண்டபம். ஞாயிற்றுக்கிழமை காலை. முந்தின நாள் யார் வீட்டு விசேஷமோ நடந்திருக்க வேண்டும். நாற்காலிகளுக்கு அடியில் ரோஜா இதழ்கள் நசுங்கிக் கிடந்தன. சாம்பார் வாசனை இன்னும் போகவில்லை.

அவர் மடியில் புத்தகம் விரிந்திருந்தது. பசை வாசனை மாறாத புதுப் புத்தகம். கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து மலைக்கு மேலே ஏலத்தோட்டங்களுக்கு வேலைக்குப் போகிற பெண்கள் பேசும் சொற்களின் அகராதி. அந்தச் சொற்களில் பாதிக்கு மேல் லூர்து அக்கா வாயிலிருந்து வந்தவை. எழுதிக்கொண்டவள் நான் என்பதால் எனக்கு அது தெரியும்.

அக்கா மிஷன் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்பு வரை படித்தவர். எழுத்துக்கூட்டித்தான் வாசிப்பார், ஆனால் விடாமல் வாசிப்பார். எத்தனை சோப்புப் போட்டாலும் போகாத காய்க்கறை படிந்த அவருடைய விரல், வரிவரியாகக் கீழே இறங்கியது. முன்னுரையில் தேடினார். நன்றியுரையில் தேடினார். பிறகுதான் என்னிடம் கேட்டார்.

நான் தகவலாளிகள் பட்டியல் இருந்த பக்கத்தைப் புரட்டிக் காட்டினேன். பதில் எனக்குத் தெரியும். பத்து நிமிடத்துக்கு முன்னால்தான் நானும் அந்தப் பக்கத்தைப் பார்த்திருந்தேன். அதில் இப்படி இருந்தது: "தகவலாளி 1: பெண், ஐம்பது வயதுக்கு மேல், கல்வியறிவற்றவர், தினக்கூலி."

துறைக்குப் பெயர் வைத்த கதை

சென்ற வாரம் என் முனைவர் பட்ட வாய்மொழித் தேர்வன்று நடந்த கூத்தை எழுதியிருந்தேன். விழுந்து விழுந்து சிரித்ததாகச் சில வாசகர்கள் கடிதம் போட்டிருக்கிறார்கள். இந்த வாரம் சிரிக்க அதிகம் இல்லை. இதை எழுத உட்காரும்போது இப்போதும் எனக்குக் கோபம் வருகிறது.

நான் வேலை பார்த்த பல்கலைக்கழகத்தின் பெயர் வேண்டாம். தமிழ்த்துறையாகத்தான் அது தொடங்கியது. பிறகு மலையாளப் பிரிவு ஒன்று வந்ததும் 'தமிழ் மற்றும் பிற மொழிகள் துறை' ஆனது. கடைசியில் 'மொழிகள் மற்றும் பண்பாடுகள் துறை' ஆகி நின்றது. ஒவ்வொரு முறையும் பலகையைக் கழற்றிப் புதிதாக எழுதி மாட்டினார்கள். உள்ளே மின்விசிறி மட்டும் பழையதுதான், பாதிச் சுற்றில் தடக்கென்று ஒரு சத்தம் போடும்.

எங்கள் ஆசிரியர் அறையில் ஒருவர் பழம்பாடல்களில் வரும் பறவைகளை ஆராய்ந்துகொண்டிருந்தார். ஜன்னலில் வந்து உட்காரும் மைனாவை 'சூ' என்று விரட்டுவார். இன்னொருவர் பின்நவீனத்துவம். மலையாளப் பிரிவில் ஒரே ஒருவர், பிந்து. குமுளிக்காரர், மொழிபெயர்ப்பில் ஆய்வு செய்தார். என் மேசைக்கு எதிர் மேசை. மதியம் இருவரும் குழம்பை மாற்றிக்கொள்வோம்.

நான் கௌரவ விரிவுரையாளர். கௌரவம் என்ற சொல்லுக்கு எல்லா அகராதியிலும் ஒரு பொருள் உண்டு. எங்கள் துறையில் அதற்குப் பொருள், ஒவ்வொரு ஜூன் மாதமும் செய்துகொண்டிருக்கும் வேலைக்கே மறுபடி விண்ணப்பிக்க வேண்டியவர் என்பது.

எங்களுக்கெல்லாம் மேலே துறைத்தலைவர். அவர் பெயரையும் சொல்லப்போவதில்லை. ஆய்வு நெறிப்படி மறைத்துவைக்கிறேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். வட்டார வழக்கு ஆய்வில் பெரிய பெயர் அவருக்கு. ஆனால் அந்த அகராதி வேலை நடந்த நான்கு வருடத்தில் ஒரு தடவைகூட அவர் மலை ஏறவில்லை. கொண்டை ஊசி வளைவில் அவருக்குத் தலை சுற்றுமாம்.

ஜீப்பில் எனக்குக் கிடைத்த இடம்

எனக்குச் சுற்றாது. கம்பத்துக்குப் பக்கத்தில் பிறந்து வளர்ந்தவள். என் அப்பா மிஷன் பள்ளிக்கூடத்தில் வாத்தியார். எங்கள் தெருவில் பாதி வீட்டுப் பெண்கள் விடிகாலையில் ஜீப் ஏறி மேலே போவார்கள். 'மேல' என்றால் கேரளா, 'கீழ' என்றால் நம் ஊர். மாநிலம் என்றெல்லாம் பேச்சில் வராது.

கல்லூரி விடுமுறைகளிலும் சனி ஞாயிறுகளிலும் நானும் அந்த ஜீப்பில் ஏற ஆரம்பித்தேன். எட்டுப் பேர் உட்காரும் ஜீப்பில் பன்னிரண்டாவது ஆளாக. சுருளிப்பட்டியிலிருந்து இரண்டு பேர், எங்கள் ஊரிலிருந்து மீதிப் பேர். முதல் இரண்டு வாரம் என் முன்னால் யாரும் வாயைத் திறக்கவில்லை. செல்போனில் பதிவு செய்கிறேன் என்று தெரிந்ததும் ஜெபம் சொல்ல ஆரம்பித்துவிட்டார்கள்.

லூர்து அக்காதான் அந்தக் கூட்டத்துக்குத் தலைவி. ஒருநாள் மலைப்பாதை எல்லையான மெட்டில் டீ குடிக்க நிறுத்தியபோது அவரே வந்து கேட்டார்.

"வாத்தியாரு மகளே, எதுக்கு எங்க பேச்ச எழுதுற? சினிமாவுக்கா?"

"இல்லக்கா. அகராதிக்கு. யுனிவர்சிட்டியில புத்தகமா போடுவாக."

"அதுல எங்க பேரப் போடுவீகளா?"

"போடுவோம்க்கா."

"சும்மா லூர்துன்னு போடக் கூடாது. ரேசன் கார்டுல இருக்கிற மாதிரி முழுப் பேரு. தோட்டத்துல எங்களுக்குப் பேரு கெடையாது பாத்துக்க. 'ஏய் பச்சச் சேல, இங்கன வா'ம்பாக. அம்புட்டுத்தான்."

போடுவோம் என்று நான் சத்தியம் செய்தேன். மாதா மேலேயே செய்தேன். அன்றைக்கு மேலே போகிற வழியெல்லாம் பேச்சுத்தான்.

நான்கு வருடத்தில் நோட்டு நோட்டாக நிறைந்தது. மலை இறங்குவதும் 'எறக்கம்', அன்றைய வேலை முடிவதும் 'எறக்கம்'. "எறக்கமாச்சா?" என்று கேட்டால் வேலை முடிந்ததா என்று அர்த்தம். 'பனி' என்ற சொல்லைக் கேட்டு முதலில் ஏமாந்துபோனேன். மலையாளத்தில் பனி என்றால் காய்ச்சல். "மேல போனா எனக்குப் பனி, கீழ வந்தா காய்ச்ச" என்று ஜீப்பில் வரும் பேச்சியம்மாள் சொன்னதைப் பிந்துவிடம் சொன்னபோது, அவர் சாப்பிட்ட கையோடு எழுந்து நின்று, "டீச்சரே, இது ஒரு வரியில ஒரு தீசிஸ்!" என்றார்.

அந்தச் சந்தோஷம் பொய்யில்லை. அதனால்தான் பிறகு வந்த கோபமும் இத்தனை பெரியதாக இருக்கிறது.

வெயிலில் வந்த சாரல்

இனி நான் சொல்லப்போகும் சொல்லை எழுத எனக்கு அனுமதி உண்டு. எப்படிக் கிடைத்தது என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

ஒரு பங்குனி மாதம். மேலேகூட நல்ல வெயில். பெண்கள் செடிகளுக்கு அடியில் குத்தவைத்துக் காய் எடுத்துக்கொண்டிருந்தார்கள். ஏலச்செடி ஆள் உயரத்துக்கு மேலே வளரும், காய் மட்டும் தரையோடு கிடக்கும். பத்தடி தள்ளி இருப்பவரைப் பார்க்க முடியாது. குரல்தான் கேட்கும்.

"சாரல் வருது" என்று எங்கிருந்தோ ராசாத்தியின் குரல் வந்தது.

நான் வானத்தைப் பார்த்தேன். ஒரு பொட்டு மேகம் இல்லை. திரும்பிப் பார்ப்பதற்குள், சிதறியிருந்த பெண்கள் பக்கம் பக்கமாக நகர்ந்து வந்துவிட்டார்கள். கூட்டத்திலேயே சின்னவள் கவிதா. இருபது வயதுகூட ஆகாதவள். அவள் நடுவில் இருந்தாள். இந்தப் பக்கம் லூர்து அக்கா, அந்தப் பக்கம் அந்தோணியம்மாள். ஒருவரும் பேசவில்லை. கைகள் மட்டும் காய் எடுத்துக்கொண்டிருந்தன.

ஒரு நிமிடம் கழித்துக் கங்காணி இலைகளை விலக்கிக்கொண்டு வந்தான். வேலையை மேற்பார்க்கிறவன். ஒவ்வொருவர் முதுகுக்குப் பின்னாலும் நின்று நின்று போனான். என்னைப் பார்த்ததும், "டீச்சரா? எழுதுங்க, எழுதுங்க" என்று சிரித்தான்.

இறங்கும்போது ஜீப்பில் லூர்து அக்கா சொன்னார். "தனியா இருக்கிறவ மேல கை போடுவான். காய் எடுக்கிற கைய விட்டுட்டுத் தள்ளவா முடியும்? அதான் முன்னாடி போறவ சத்தம் குடுத்துருவா. அவனுக்கு அது வெறும் மழைன்னுதான் தெரியும்."

கவிதா வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள்.

அன்று வீட்டுக்கு வந்து நான் என்ன செய்தேன் தெரியுமா? நோட்டை எடுத்தேன். தேதி போட்டேன். "சாரல் வருது: தொடர். அத்துமீறும் மேற்பார்வையாளர் நெருங்குவதைச் சக தொழிலாளருக்கு அறிவிக்கும் குறிப்புமொழி" என்று அழகான கையெழுத்தில் எழுதினேன். நல்ல சொல் ஒன்று கிடைத்த திருப்தியோடு தூங்கினேன். இதைச் சொல்லாமல் மற்றவர்களைத் திட்ட எனக்கு உரிமை இல்லை.

துறைத்தலைவர் அறையில்

நோட்டுகளைத் தட்டச்சு செய்து துறைத்தலைவரிடம் கொடுத்தேன். இரண்டு மாதம் கழித்துக் கூப்பிட்டார். 'சாரல் வருது' இருந்த பக்கத்தில் சிவப்பு மையால் ஒரு பெரிய பெருக்கல் குறி.

"இது வேணாம்மா. பிரச்சனை வரும். வெளியீட்டு விழாவுக்கு வர்ற சிறப்பு விருந்தினரே அந்தத் தோட்டத்து முதலாளிதான். புத்தகத்துக்கு அவர்தான் எல்லா உதவியும் செய்யறார்."

"அப்ப அந்தச் சொல்லையே எடுத்துருங்க சார்."

"எதுக்கு எடுக்கணும்? எவ்வளவு அழகான தொடர்! பொருளை நான் பார்த்துக்கறேன்."

"சார், பொருள் அதுதான். நான் கண்ணால பார்த்தேன்."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நீங்க பார்த்தது சம்பவம். ஆய்வுங்கறது வேற. ஜூன் வருது, ஞாபகம் இருக்கட்டும்."

இருந்தது. பேசாமல் வெளியே வந்தேன். பிந்து என்ன ஆயிற்று என்று கேட்டார். ஒன்றுமில்லை என்றேன். அன்றைக்கே நான் அந்தத் தட்டச்சுப் பிரதியைக் கையோடு எடுத்து வந்திருக்க வேண்டும். குறைந்தபட்சம் லூர்து அக்காவிடம் போய்ச் சொல்லியிருக்க வேண்டும். இரண்டும் செய்யவில்லை. பெயர்களாவது இருக்கும் என்று நம்பிக்கொண்டிருந்தேன்.

மைக்

மண்டபத்துக்குத் திரும்பி வருகிறேன்.

பதினோரு பெண்களையும் தோட்டத்து ஜீப்பிலேயே அழைத்து வந்து மூன்றாவது வரிசையில் உட்காரவைத்திருந்தார்கள். புகைப்படத்துக்கு வேண்டுமல்லவா! எல்லோரும் பட்டு உடுத்தி, பூ வைத்து, கல்யாணத்துக்கு வந்தவர்கள்போல இருந்தார்கள்.

முதலாளி பேச வந்தார். புத்தகத்தைப் பிரித்து, அடையாளம் வைத்திருந்த பக்கத்தை வாசித்தார். "சாரல் வருது. மலைச்சூழலில் உழைக்கும் மகளிரின் இயற்கை ரசனையைப் புலப்படுத்தும் தொடர்." நிமிர்ந்து அவையைப் பார்த்தார். "வேலை செய்யற எடத்துலயும் நம்ம ஜனங்க மனசுல எவ்வளவு கவிதை பாருங்க!"

கை தட்டினார்கள்.

பேச்சியம்மாள் மூக்கால் ஒரு சத்தம் விட்டார். ராசாத்தி சேலைத் தலைப்பை வாயில் வைத்து அழுத்தினார். வரிசை முழுக்கத் தோள்கள் குலுங்கின. பெருமையில் சிரிக்கிறார்கள் என்று நினைத்து முதலாளி மேடையிலிருந்து கையசைத்தார். கவிதா மட்டும் சிரிக்கவில்லை. தலை குனிந்து தன் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுடைய காதுமடல் சிவந்துபோயிருந்தது.

அப்போதுதான் லூர்து அக்கா எழுந்தார்.

"ஐயா, ஒரு சந்தேகம். இந்தப் பொஸ்தகத்துல எங்க பேரு எங்கன இருக்கு?"

துறைத்தலைவர் மைக்கை வாங்கினார். குரலில் தேன் வழிந்தது. "அம்மா, ஆய்வுல தகவல் சொன்னவங்க பேரை வெளியிடக் கூடாது. அது நெறி. உங்க பாதுகாப்புக்காகத்தான்."

"யாருகிட்ட இருந்து பாதுகாப்பு ஐயா?"

துறைத்தலைவர் முதலாளியைப் பார்த்தார். முதலாளி கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"உங்க பேரு அட்டையில இருக்கு. உள்ள இருக்கு. பின்னாடி போட்டோவோட இருக்கு. உங்களுக்குப் பாதுகாப்பு வேணாமா? பேரு போடுவாகன்னு சொல்லித்தான் நாங்க பேசுனோம். படிக்காதவன்னு வேற போட்டுருக்கீக. நான் அஞ்சாப்பு. அந்தா ஒக்காந்திருக்கிற கவிதா பிளஸ் டூ."

"உட்காருங்கம்மா, அப்புறம் பேசலாம்" என்று நிகழ்ச்சித் தொகுப்பாளர் ஓடி வந்தார்.

நான் எப்படி மேடைக்குப் போனேன் என்று நினைவில்லை. கைப்பையில் களப்பணி நோட்டு இருந்தது. முதல் பக்கத்தில், நான்கு வருடத்துக்கு முன்பு அந்த டீக்கடையில் வைத்து எழுதிய பெயர்கள். தொகுப்பாளர் மேசையில் இருந்த மைக்கை எடுத்து வாசிக்கத் தொடங்கினேன்.

"லூர்துமேரி. பேச்சியம்மாள். ராசாத்தி. அந்தோணியம்மாள்..."

மைக் செத்துப்போனது. யாரோ இணைப்பைப் பிடுங்கிவிட்டார்கள். வகுப்பெடுக்கிற தொண்டைக்கு மைக் எதற்கு? கத்தியே வாசித்தேன். வீரலட்சுமி. சவரியம்மாள். முருகேஸ்வரி. ஜெயராணி. ஈஸ்வரி. செல்லத்தாய் என்றபோது அவர் சட்டென்று எழுந்து, "உள்ளேன் ஐயா!" என்றார். அதற்குத்தான் அவை மொத்தமும் சிரித்தது. கடைசிப் பெயர் கவிதா. அவள் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தாள்.

யாரும் கை தட்டவில்லை. நாங்கள் பன்னிரண்டு பேரும் மதியச் சாப்பாட்டுக்கு நிற்காமல் வெளியே வந்தோம். தோட்டத்து ஜீப் எங்களை ஏற்றவில்லை. பழைய பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஒரு கடையில் பட்டுச் சேலையோடு நின்றுகொண்டே வடை தின்றோம். லூர்து அக்காவிடம், தெரியாமல் போய்விட்டது, மன்னித்துவிடுங்கள் என்றேன். அவர் எனக்கு இன்னொரு வடை வாங்கிக் கொடுத்தார்.

விசாரணை

ஜூனில் என் பெயர் பட்டியலில் இல்லை. துறையின் மாண்புக்குக் குந்தகம் விளைவித்ததாக ஒரே ஒரு வரிக் கடிதம். என் மாண்பு, லூர்து அக்கா மாண்பு இவற்றுக்கெல்லாம் எந்தக் கோப்பில் இடம் என்று தெரியவில்லை.

பல்கலைக்கழகத்துக்குப் புகார் எழுதினேன். ஒருமுறைக்கு ஆறுமுறை எழுதிய பிறகு, மூன்று பேர் கொண்ட குழு ஒன்றை அமைத்தார்கள். சாட்சி சொல்ல வருவீர்களா என்று பிந்துவிடம் கேட்டேன். அவருக்கு வேலை இன்னும் உறுதியாகவில்லை.

"எனக்குப் பேடியா இருக்கு டீச்சரே" என்றார். பேடி என்றால் மலையாளத்தில் பயம். கண் நிறைந்துவிட்டது அவருக்கு. நான் வற்புறுத்தவில்லை. ஆனால் கோபம் இருந்தது. குழம்பை மாற்றிக்கொண்டவர்கள் ஆயிற்றே!

ஒன்பது பெண்கள் வந்தார்கள். இரண்டு பேரை வீட்டில் விடவில்லை. காலை பத்து மணிக்கு வரச் சொல்லிவிட்டு மூன்று மணிக்குத்தான் உள்ளே கூப்பிட்டார்கள். அதுவரைக்கும் வராந்தாவில் நிற்கவைத்தார்கள். உள்ளே ஏழெட்டு நாற்காலிகள் காலியாகக் கிடந்தன. 'பண்பாடுகள்' என்று கொட்டை எழுத்தில் எழுதிய பலகைக்கு நேர் கீழே, ஐம்பது வயதுக்காரிகள் சுவரில் சாய்ந்து கால் மாற்றி மாற்றி நின்றார்கள்.

குழுத்தலைவர் லூர்து அக்காவைக் கேட்டார்.

"அகராதியில இருக்கற பொருள் தப்புன்னு இந்த அம்மா புகார் சொல்றாங்க. சாரல் வருதுன்னா உங்க வழக்கத்துல என்ன அர்த்தம்?"

லூர்து அக்கா என்னை ஒருமுறை பார்த்தார். அறையைப் பார்த்தார். ஓரத்தில் துறைத்தலைவர் உட்கார்ந்திருந்தார்.

"அது எங்க சொல்லு. இங்கன சொல்ல முடியாது."

"சொல்லலைன்னா இந்த அம்மா சொல்றது உண்மைன்னு நாங்க எப்படி நம்பறது?"

"நம்பாட்டிப் போங்க. எங்க பேரப் போடச் சொல்லித்தான் வந்தோம். அதுக்குப் பதில் சொல்லுங்க."

என் மடியில் நோட்டு இருந்தது. தேதியோடு அந்தப் பக்கம் இருந்தது. எடுத்து நீட்டினால் போதும், துறைத்தலைவர் மாட்டிக்கொள்வார், என் வேலைகூடத் திரும்பக் கிடைக்கலாம். நீட்டவில்லை. அந்தச் சொல்லின் பொருள் வெளியே போனால் ஒரு வாரத்தில் தோட்டத்துக்குப் போய்ச் சேரும். அது அந்தப் பெண்களின் முதுகை மறைத்துக்கொண்டிருந்த ஒரே துணி. அன்று அந்த அறையில்தான் எனக்கு அது உறைத்தது. நான்கு வருடம் கழித்து!

தீர்ப்பு தபாலில் வந்தது. சொல்லின் பொருள் குறித்து மாறுபட்ட கருத்துகள் நிலவுகின்றன. பணியில் அமர்த்துவது துறையின் விருப்புரிமை. மீதமுள்ள பிரதிகளில் பெயர்கள் அடங்கிய ஒட்டுத்தாள் சேர்க்கப்படும்.

ஒட்டுத்தாள் வந்தது. பதினோரு பெயர்கள். முதல் பெயர் 'லார்டு மேரி' என்று அச்சாகியிருந்தது. அதே வருடம் துறைத்தலைவருக்குச் சிறந்த ஆய்வாளர் விருது கொடுத்தார்கள்.

ஒருவரும் கேட்காதது

ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து லூர்து அக்கா வீட்டுக்குப் போனேன். வாசலில் மீன் ஆய்ந்துகொண்டிருந்தார். ஒட்டுத்தாளைக் காட்டினேன். எழுத்துக்கூட்டி வாசித்துவிட்டு, "யாரு இவ லார்டு?" என்றார். சிரித்தோம். பிறகு மீனைக் கீழே வைத்தார்.

"ஒண்ணு கேக்கணும்னு இருந்தேன். அந்தச் சொல்ல எதுக்கு அவுககிட்ட எழுதிக் குடுத்த? ஒங்கிட்டச் சொன்னது ஒங்கிட்ட. நோட்டுல எழுதச் சொன்னமா?"

"தப்புத்தான்க்கா."

"தப்புத்தான்." அதை அவர் மென்மையாக்கவில்லை. "இப்ப அத நாங்க சொல்றதில்ல. மாத்திட்டோம். பழசத் தாராளமா எங்கன வேணா எழுதிக்க."

"புதுசு என்னக்கா?" என்று என் வாயில் வந்துவிட்டது. நான்கு வருடப் பழக்கம். நாக்கைக் கடித்துக்கொண்டேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

பிறகுதான் இன்னொன்று தோன்றியது. புதுச் சொல் தேவைப்படுகிறது என்றால் அந்த ஆள் அங்கேதானே இருக்கிறான்?

"இருக்கான். எங்க போவான்? நாங்க மண்டபத்துல எந்திரிச்சுப் பேசுனதுக்கு இப்பக் கூடுதலாத்தான் ஆடுறான்." அக்கா செதிலைச் சுரண்ட ஆரம்பித்தார். "சொல்லுக்கு அர்த்தம் நீ கேட்ட. ஒங்க பெரிய வாத்தியாரு அத மாத்தி எழுதுனாக. விசாரணையில மூணு பேரு ஒக்காந்து கேட்டாக. அவன் பேரு என்னன்னு ஒருத்தரும் கேக்கலையேத்தா."



நான் அந்தத் தோட்டத்துக்கு எத்தனையோ முறை போயிருக்கிறேன். அவன் கையால் டீ வாங்கிக் குடித்திருக்கிறேன். ஏலச்செடியின் ஒவ்வொரு பாகத்துக்கும் என்ன பெயர் என்று கேட்டு எழுதியவள், அதைக் கேட்கவில்லை. பல்கலைக்கழகத்தின்மேல் இருந்த கோபமெல்லாம் அந்த வாசலில் ஒருமுறை என்மேல் திரும்பியது.

"பேரு என்னக்கா?" என்றேன்.

சொன்னார். ஊரையும் சொன்னார். அவன்மேல் பிறகு கொடுத்த புகார் மனுவின் விசாரணை இன்னும் முடியாததால் இங்கே எழுதவில்லை. மனுவில் முழுதாக இருக்கிறது.

மனு கேரளத்தில் கொடுக்க வேண்டும், மலையாளத்தில் இருந்தால் நல்லது. பிந்துவுக்குப் போன் செய்தேன். மறுபேச்சு இல்லை. அடுத்த நாள் மாலையே பழனிசெட்டிபட்டியில் நான் அப்போது குடியிருந்த வீடு தேடி வந்து, சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து எழுதினார். லூர்து அக்காவும் கவிதாவும் தமிழில் சொல்லச் சொல்ல, ஒரு சொல்லைக்கூட அழகுபடுத்தாமல் எழுதினார். "கை போடுவான்" என்பதற்குச் சட்டத்தில் என்ன சொல் என்று ஒரு வக்கீலிடம் கேட்டுச் சரிபார்த்தார். அந்தத் துறையில் நடந்த ஆராய்ச்சிகளிலேயே ஒருவருக்காவது பயன்பட்டது அந்த மூன்று பக்கம்தான் என்பேன். அதில் அவர் தன் பெயரையும் போட்டுக் கையெழுத்திட்டார்.

கொடுத்த ஒரு மாதத்தில் கங்காணி அந்தத் தோட்டத்தில் இல்லை. நீக்கினார்களா, அனுப்பிவைத்தார்களா என்று முதலாளி தரப்பில் சொல்ல மறுக்கிறார்கள். வழக்கு ஊர்ந்துகொண்டிருக்கிறது. நான் இப்போது போடியில் ஒரு தனியார் கல்லூரியில் பாடம் எடுக்கிறேன்.

போன மாதம் கவிதா ஒரு செய்தி கொண்டுவந்தாள். அவன் மலையின் அந்தப் பக்கம் வேறொரு தோட்டத்தில் கங்காணியாகச் சேர்ந்துவிட்டான். அங்கே வேலைக்குப் போகிறவர்கள் நம் பள்ளத்தாக்கில் வேறு ஊர்ப் பெண்கள். கேட்டதும் எனக்கு ரத்தம் கொதித்தது. இத்தனை பேர் அலைந்ததெல்லாம் அவனுக்கு ஓர் இடமாற்றம்!

கவிதா கொதிக்கவில்லை. அந்த ஊருக்கு ஏற்கனவே போய்வந்துவிட்டாளாம். ஜீப் ஏறுகிற இடத்தில் விடிகாலையிலேயே போய் நின்றிருக்கிறாள்.

"அந்தப் பொம்பளைககிட்ட என்ன கேட்ட?" என்றேன்.

"ஒண்ணும் கேக்கல டீச்சரு" என்றாள். "எனக்கு நடந்ததச் சொன்னேன்."